சைக்கிளிற் பூட்டும் செய்மதிக் கருவி: புதியது வாங்கத்தான் வேண்டுமா?

துவிச்சக்கர வண்டியின் கைபிடியிலே உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியொன்றைப் பூட்டிக்கொண்டு இளைஞர் பலர் காலை வேளையில் வீதிகளிற் செல்வதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஓடும் வேகம், கடந்த தூரம், ஏறிய உயரம், செல்லவேண்டிய வழி ஆகியவற்றை அது செய்மதிகளின் துணையாற் காட்டும். ஜி.பி.எஸ். சைக்கிள் கணனி என்பது அதன் பெயர். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவி வீட்டிலே இருக்க, அதனினும் புதியதொன்று வேண்டுமென்று மகனோ மகளோ கேட்கும்போது, "உள்ளது ஓடுகின்றதுதானே?" என்று தந்தையார் வினவுவார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எந்த இடத்தில் எவர் பக்கம் நியாயம் மிகுதி என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது. ஆகலின் பலர் கையிலுள்ள ஒரு கருவியையே எடுத்துக்கொள்வோம். கார்மின் நிறுவனத்தின் 'எட்ஜ் 530' 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் வழித்தோன்றலாகிய 'எட்ஜ் 540' 2023இல் வந்தது. அமெரிக்காவில் முன்னதன் தொடக்க விலை 299.99 டொலர்; பின்னதன் விலை 349.99 டொலர். நமது ரூபாயில் இஃது ஏறத்தாழ ஓர் இலட்சமாகும். வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். சாதாரணச் சைக்கிள் ஒன்றையே இதனிற் குறைந்த பணத்துக்கு வாங்கிவிடலாம் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வதில் வியப்பில்லை.

இவ்வளவு கொடுத்தால் மேலதிகமாகக் கிடைப்பது யாது? திரையின் அளவு இரண்டிலும் ஒன்றே, 2.6 அங்குலம். இரண்டும் பொத்தான்களாலேயே இயங்குவன. பற்றறி 20 மணித்தியாலத்துக்குப் பதிலாக 26 மணித்தியாலம் நிற்கும் என்று நிறுவனம் கூறுகின்றது. மலையேற்றத்தில் இன்னும் எவ்வளவு உயரம் எஞ்சியுள்ளது என்பதைப் பழையது, நாம் முன்கூட்டியே ஏற்றிவைத்த வழியிற் செல்லும்போதே காட்டும். புதியது அவ்வாறு ஏற்றிவைக்காத வழியிலும் காட்டும். மின்னேற்றும் துளையும் இக்காலக் கைத்தொலைபேசிகளின் துளையைப் போன்றதாகிவிட்டது. இது சிறு வசதிதான். ஆயினும் வெளியூர்ப் பயணத்தில் ஒரு கம்பி குறைவது நன்றே.

இவற்றினும் மேலாகப் பேசப்படுவது, புதிய கருவி இரண்டு அலைவரிசைகளிற் செய்மதிச் சமிக்ஞைகளைப் பெறுகின்றது என்பதாம். ஜி.பி.எஸ். செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. உயர்ந்த கட்டடத்திலோ பாறைச் சுவரிலோ பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை நீண்ட வழியில் வருவதால் கணக்குப் பிழைக்கின்றது. இரண்டு அலைவரிசைகளையும் பயன்படுத்தும் கருவி இவ்வகைப் பிழையைப் பெரிதும் குறைக்கும். கொழும்புக் கோட்டையின் மாடிக் கட்டடங்களிடையேயும் மலைச்சரிவை ஒட்டிய வீதிகளிலும் இதனாற் பயன் உண்டு. ஆனால், யாழ்ப்பாணத்து வயல்வெளியிலோ மன்னார் வீதியிலோ வானம் நாற்புறமும் திறந்து கிடக்கின்றது. அங்கே பழைய கருவியின் பிழையும் சில மீற்றருக்குள் அடங்கிவிடும். சமவெளியில் ஓடும் மாணவனுக்கு இந்த ஒரு சிறப்புக்காக இலட்சம் ரூபாய் செலவிடுவதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

"தூரம் தப்பாகக் காட்டுகின்றது, உயரம் தப்பாகக் காட்டுகின்றது" என்பதே புதியது கேட்போர் பெரும்பாலும் கூறும் காரணம். இதனைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் வீதியிலே கருவி புள்ளிகளை இணைத்துக் கோடு வரைவதால் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறைவதுண்டு. சுரங்கப் பாதையிற் செய்மதியே தெரியாது. இவற்றுக்கு மருந்து புதிய கணனி அன்று. சில்லின் அச்சிற் பூட்டும் சிறிய உணரி ஒன்றே. அது சில்லுச் சுற்றுவதை எண்ணித் தூரத்தைக் கணிக்கின்றது. மலைக்கும் மரத்துக்கும் அஞ்சுவதில்லை. சில்லின் சுற்றளவைத் தாமே பதிவு செய்தவர்கள், ரயர் மாற்றியபோது அந்த எண்ணையும் மாற்றினரா என்று பார்த்தல் வேண்டும். 25 மில்லிமீற்றர் ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,105 மில்லிமீற்றர். 28 மில்லிமீற்றர் ரயருக்கு 2,136. இவ்வேறுபாடு 100 கிலோமீற்றரில் ஒன்றரைக் கிலோமீற்றராகிவிடும்.

உயரத்தின் கதை வேறு. இவ்விரு கருவிகளும் காற்றமுக்கத்தைக் கொண்டே உயரத்தை அளக்கின்றன. கடல் மட்டத்துக்கு அண்மையில் ஒரு மில்லிபார் அமுக்கம் குறைந்தால் ஏறத்தாழ 8 மீற்றர் ஏறிவிட்டதாகக் கருவி கொள்ளும். மழைமேகம் திரண்டு அமுக்கம் தாழும்போது, முற்றத்தில் நிறுத்திய சைக்கிளும் மலையேறியதாகக் கணக்கு வரும்! கருவியிலுள்ள நுண்துளையை வியர்வை உப்பும் புழுதியும் அடைத்துவிட்டாலும் இதே குழப்பந்தான். நல்ல தண்ணீரால் அலசிக் காயவிட வேண்டும். ஊசியாற் குத்தக் கூடாது. உயரம் தெரிந்த இடத்திற் பயணத்தைத் தொடங்கி அதனைக் கருவியிற் பதிதல் நலம். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே கடல் மட்டத்திலிருந்து உயரத்தை எழுதிய பலகைகளைக் காணலாம். இதற்கு அவை மிகவும் உதவும்.

இதுவரை தந்தையார் பக்கமே பேசினோம். பற்றறி என்று வரும்போது பிள்ளையின் பக்கம் சாய்கின்றோம். லிதியம் பற்றறி மின்னேற்ற மின்னேற்றத் தேய்வது. வெப்பம் அத்தேய்வை விரைவாக்கும். நமது நாட்டு வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், இக்கருவிகளின் பற்றறி உள்ளே மூடி ஒட்டப்பட்டிருப்பதால் வீட்டில் வைத்து மாற்ற இயலாது. பேராதனையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஒருவர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தைச் சென்றடைகின்றார். பழகாதவர்க்கு அது முழுநாட் பயணம். நம் நாட்டில் மாலை ஆறு மணிக்குப் பின் இருள் விரைந்து கவியும். கிளைவீதி பிரியும் இடத்திலே, மூடுபனியில், படமும் வழியும் காட்டிக்கொண்டிருந்த திரை அணைந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? வீட்டிலிருப்போரின் நிலைதான் என்ன? விடுமுறை நாளொன்றில் முழுதாக மின்னேற்றி, வழிகாட்டும் பகுதியை இயக்கி, எத்தனை மணித்தியாலம் நிற்கின்றது என்று அளந்து பாருங்கள். செல்லவிருக்கும் மிக நீண்ட பயணத்தின் நேரத்தை அது எட்டாவிடில், வெளியே கொண்டுசெல்லும் துணைப் பற்றறி ஒன்றை முதலில் முயலலாம். மழையில் அதனைக் கம்பியுடன் இணைத்து ஓட்டுவது தொல்லை. அடிக்கடி நெடும்பயணம் செய்பவராயின் புதியதை வாங்கிக் கொடுங்கள்; அது வீண்செலவன்று.

மிகப் பழைய கருவிகளுக்கு மற்றுமொரு வியாதி உண்டு. ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அவ்வாறு திரும்பியபோது, திருத்தம் பெறாத சில கருவிகள் திகதியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னே காட்டின. இடம் சரியாயினும் பயணப் பதிவின் நாள் கெட்டுவிடும். உற்பத்தியாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட கருவியை வைத்திருப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதியது வாங்குவதென்றே தீர்மானித்தால், பழைய உணரிகளையும் கைபிடியிலுள்ள தாங்கியையும் கழற்றி எறிய வேண்டாம். நாம் எடுத்துக்கொண்ட இரண்டு கருவிகளுக்கும் அவை பொதுவானவை. பழைய கருவியைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்தால் பள்ளிக்குப் போகும் வழியை அளக்க உதவும். வெளியாருக்கு விற்பதாயின், பயணப் பதிவுகளைக் கம்பிவழியே வீட்டுக் கணனிக்கு மாற்றிவிட்டுக் கருவியிலிருந்து முற்றாக அழித்துவிடுங்கள். அப்பதிவுகளிற் பல உங்கள் வீட்டுப் படலையிலிருந்தே தொடங்குகின்றன.