கள்ளக்குறிச்சிப் பறவைகள்: கணக்கெடுப்பின் முடிவை எப்படிப் படிப்பது?

2025 மார்ச் மாதம் தமிழ்நாடு வனத்துறை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் பறவைகளைக் கணக்கெடுத்தது. 8, 9 தேதிகளில் ஏரி, குளம், கழிமுகங்களிலும், 15, 16 தேதிகளில் காடு, வயல், ஊர்ப்புறங்களிலும் அந்த வேலை நடந்தது. வனப் பணியாளர்களோடு தன்னார்வலர்களும் மாணவர்களும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார்கள். நீர்நிலைகளில் 397 வகை, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள்; நிலப்பகுதியில் 401 வகை என்று முடிவு வந்தது.

செய்தியைப் படித்த கள்ளக்குறிச்சிக்காரருக்கு உடனே எழும் கேள்வி, “நம்ம மாவட்டத்தில் எத்தனை?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் பதிலாக வரும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நம் ஊரில் பறவைகள் நன்றாக இருக்கின்றன என்றோ குறைந்துவிட்டன என்றோ சொல்லிவிட முடியாது.

உதாரணமாக, நம் மாவட்டத்துக் கோமுகி அணைக்கரையில் ஒருவர் ஒரு காலை மட்டும் நின்று பார்க்கிறார். வேறொரு மாவட்டத்தில் ஐம்பது பேர் நான்கு நாளும் சுற்றுகிறார்கள். அங்கே வகைகள் அதிகமாகத்தான் வரும். அந்த வித்தியாசம் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வந்தது, பறவைகளால் அல்ல. அதனால்தான் ஆய்வாளர்கள் மொத்த வகைகளைவிட, பறவை பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் எழுதும் பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெற்றது என்பதையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். மாதிரிக்கு, ஒரு வட்டாரத்தில் நூறு பட்டியல்களில் அறுபதில் பனங்காடை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து அதே வட்டாரத்தில் நூற்றுக்கு முப்பதில்தான் இருக்கிறது என்றால் அது கவலைக்குரிய செய்தி. பார்த்தவர்கள் பத்துப் பேரா ஆயிரம் பேரா என்பது அந்த விகிதத்தை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலில் காகமும் மைனாவும் உட்பட, பார்த்த, கேட்ட, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளும் இருக்க வேண்டும். “காக்காய்தானே” என்று விட்டுவிட்ட பட்டியலை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, 2023 ஆகஸ்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையைக் காட்டலாம். சுமார் 30 ஆயிரம் பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து 942 வகைப் பறவைகளை அது மதிப்பிட்டது. 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்று வகைப்படுத்தியது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் அறுபது சதவீதம் சரிந்திருந்தன. இரைகொல்லிப் பறவைகள், வலசை வரும் கரைப்பறவைகள், வாத்துகள் ஆகியவற்றின் சரிவு பெரிது. நம் மின்கம்பிகளில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் நிலையையும் உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்டது. மயிலோ பெருகியிருக்கிறது. சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

சிட்டுக்குருவி விஷயம் இன்னும் முக்கியமானது. செல்போன் கோபுரங்களால் அது அழிந்தே போய்விட்டது என்று ஊரெங்கும் பேச்சு இருந்தது. 2020இல் வந்த முந்தைய அறிக்கை பெருநகரங்களில் அது குறைந்திருப்பதை ஒப்புக்கொண்டது. நாடு முழுக்கப் பார்த்தால் கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றும் காட்டியது. பரவலாக நம்பப்பட்ட ஒரு செய்தியைத் திருத்தியவை, சாதாரண மனிதர்கள் நோட்டுப் புத்தகத்திலும் கைப்பேசியிலும் எழுதிவைத்த பட்டியல்கள்.

இப்போது நம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இதன் அடிவாரத்தில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளைகின்றன. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையின் நீர்ப்பரப்பு. வெள்ளிமலை, கரியாலூர் என்று ஏறஏற முட்புதரும் இலையுதிர் காடும் பாறைச் சரிவும் ஓடைக்கரையும் மாறிமாறி வருகின்றன. உச்சியில் உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. ஒரே காலையில் இத்தனை வகை நிலத்தைக் கடக்க இங்கே வாய்க்கிறது.

மாசி, பங்குனியில் கணக்கெடுப்பதற்கு இங்கே தனிப் பயன் உண்டு. இலை உதிர்ந்து கிளைகள் வெறிச்சோடும் காலம் அது; பறவை கண்ணுக்கு எளிதில் படும். இலவமும் கல்யாண முருங்கையும் பூத்து நிற்கும். தேன் குடிக்க மைனாக்கள், கரிச்சான்கள், கொண்டைக்குருவிகள் எல்லாம் அங்கே கூடும். நடு ஆசியாவிலிருந்து வந்து சோளக்காட்டில் கூட்டமாக இறங்கிய சூறைக்குருவிகள், கீச்சான்கள், தகைவிலான்கள் முதலிய குளிர்கால விருந்தாளிகள் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது. குக்குறுவான் போன்ற உள்ளூர்ப் பறவைகளோ இணைசேரக் குரல் கொடுக்கத் தொடங்கியிருக்கும். இரு தரப்பையும் ஒரே பட்டியலில் பிடிக்க இதைவிட நல்ல பருவம் இல்லை.

இந்த மலைத்தொடரில் தேட வேண்டிய பறவை ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் மஞ்சள் தொண்டைக் கொண்டைக்குருவியைச் சொல்வேன். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையும் புதர்ச் சரிவுகளையும் விட்டு உலகில் வேறெங்கும் அது இல்லை. அழியும் அபாயத்தில் இருப்பதாக உலக அளவில் பட்டியலிடப்பட்டது. கல் உடைக்கும் குன்றெல்லாம் அதன் வீடாக இருக்கக்கூடும் என்பதால், அது இருந்த இடம் தேதியோடு பதிவாக வேண்டும்.

இந்தப் பக்கத்து மலைகளில் பறவைகளை முறையாக ஆராய்ந்த பழைய முயற்சி, 1929இல் தொடங்கிய, வெர்னே என்பவரின் பெயரால் அறியப்படும் கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு. சேர்வராயன் மலையும், கல்வராயனுக்கு அண்டையிலுள்ள சித்தேரி மலையும் அதில் இடம்பெற்றன. அன்றைக்குப் பறவையைச் சுட்டுப் பாடம் செய்துதான் ஆதாரம் திரட்டினார்கள். இன்று பறவை பறந்துபோகிறது, பதிவு மட்டும் தங்குகிறது. பெரிய முன்னேற்றம் இது.

முடிவுகளை ஒப்பிடும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்தது. கடற்கரையும் கழுவேலி ஈரநிலமும் அதன் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகளும் விழுப்புரத்தோடு நின்றுவிட்டன. ஆகவே பழைய விழுப்புரம் பட்டியலோடு புதிய மாவட்டத்தை ஒப்பிட்டு “வகைகள் குறைந்துவிட்டன” என்று எழுதுவது தவறு. கள்ளக்குறிச்சியை அதன் சொந்த முந்தைய ஆண்டுகளோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் அதே ஏரி, அதே மலைப்பாதை, அதே பருவம் என்று பட்டியல்கள் வேண்டும். வெளியூர் ஆர்வலர் ஒருநாள் வந்து போடும் நீண்ட பட்டியலைவிட, வெள்ளிமலைப் பள்ளி மாணவர்கள் மாதம் ஒருமுறை போடும் சிறிய பட்டியலுக்கே இதில் மதிப்பு அதிகம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் குரலை வைத்தே பறவையைச் சொல்லிவிடுவார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத கணக்கெடுப்பு அரைகுறையானது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றும் நான்கு நாள் நடக்கிறது; இந்தியா அதில் 2013 முதல் பங்கேற்கிறது. இரண்டுக்கும் பதிவிடம் இ-பேர்டு இணையதளம்தான். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நில்லுங்கள். தெரிந்த பறவைகளையெல்லாம் எழுதுங்கள். பெரிய கூட்டமென்றால் பத்துப் பத்தாகக் கணித்துக்கொள்ளுங்கள். தெரியாத பறவைக்குப் பெயரை ஊகிக்காதீர்கள். அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து ஒரு பட்டியலாவது போய்ச் சேரட்டும்.