ரேக்குக்குள் ஓடும் காற்று

ஆடித் திருவிழா இரவு. மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இடுப்பளவு உயரத்தில் கறுப்பு ரேக். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஆம்ப்ளிஃபயர்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போனார். "கையை வச்சுப் பாருங்க சார்." இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டிக்கு மேல் கையை நீட்டியதுபோல் சூடு. பிறகு முன்பக்கம் வந்து ஒரு துண்டுச் சீட்டைச் சல்லடை அருகே காட்டினார். பட்டென்று ஒட்டிக்கொண்டது. அந்தப் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ரேக்கின் அகலம் 19 அங்குலம். 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் வழக்கத்துக்கு வந்த அளவு இது. இன்றைய கணினி மையங்களும் திருவிழா லாரிகளும் அதையே பின்பற்றுகின்றன. உயரத்தை ‘யூ’ என்ற அலகால் அளப்பார்கள். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ஒவ்வொரு யூவுக்கும் மூன்று திருகுத் துளைகள் உண்டு. அவற்றின் இடைவெளி சமமாக இருக்காது: இரண்டு இடைவெளிகள் சற்று அகலம், மூன்றாவது குறுகல். ஒரு துளை மாறி வைத்தாலும் பெட்டி சரியாக உட்காராது. அந்தச் சமமின்மைதான் சரியான இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? ஆம்ப்ளிஃபயரில் உள்ள டிரான்சிஸ்டரை ஒரு குழாய்த் திருகாக நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்க மூடியிருந்தால் மின்னோட்டம் இல்லை, சூடும் இல்லை. முழுக்கத் திறந்திருந்தால் மின்சாரம் தடையின்றிப் பாயும். அப்போதும் சூடு குறைவு. பாதி திறந்து நிற்கும்போதுதான் நெருக்கடி. ஆகவே பழைய வகை ஆம்ப்ளிஃபயர் மிக அதிகமாகச் சூடாவது முழுச் சத்தத்தில் என்று நினைத்தால் தவறு. முழுத் திறனில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் ஓடும்போதுதான் உச்சச் சூடு. ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று சீராக 400 வாட் ஒலிமின்சாரம் தரும்போது, இன்னொரு 400 வாட்டைச் சூடாகக் கொட்டுகிறது. நிஜமான பாட்டில் சராசரி இன்னும் குறைவு, எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் 300 வாட் அளவுக்குச் சூடு இருக்கும். இப்படிப்பட்ட நான்கைக் கூட்டினால், சூடான இஸ்திரிப் பெட்டி ஒன்றை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம்!

இந்தச் சூடு பிறப்பது விரல்நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லில். அங்கிருந்து அலுமினியத் தகடுகள் விசிறிபோல் விரிந்த ஹீட் சிங்க், அதாவது வெப்ப ஏற்பி, வரை அது பயணப்பட வேண்டும். வழியில் ஒரு மைக்கா தகடு நிற்கும். மின்சாரத்தைத் தடுத்துவிட்டுச் சூட்டை மட்டும் வழியனுப்பும் நல்ல காவலாளி அது. இருபக்கமும் வெள்ளைப் பேஸ்ட் பூசுவார்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு, நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளங்களில் தங்கும் காற்று, அலுமினியத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவும் அளவு போதும். அப்பிவிட்டால் பேஸ்ட்டே தடையாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இனிமேல்தான். டிரான்சிஸ்டர் சூடாக ஆக, அது இன்னும் எளிதாக மின்சாரத்தை விடும். கூடுதல் மின்சாரம் கூடுதல் சூடு. கூடுதல் சூடு இன்னும் மின்சாரம். இந்த வெப்பக் கட்டுமீறல் சில நொடிகளில் சில்லையே எரித்துவிடக்கூடும். தடுப்பது யார்? அதே ஹீட் சிங்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு சின்ன டிரான்சிஸ்டர். பெரியவர்கள் சூடாகும்போது அதுவும் சூடாகிறது. ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் அதன் மின்னழுத்தம் இறங்குகிறது. அதற்கேற்ப அவர்களுக்குப் போகும் ஊட்டமும் குறைகிறது. நோயே மருந்தாகும் இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர்களை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

கடைசிக் கட்டம் காற்றின் வேலை. 1000 வாட் சூட்டை, காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறும்படி வெளியேற்ற, நொடிக்கு 83 லிட்டர் காற்று வேண்டும். 15 லிட்டர் குடத்தில் ஐந்தரைக் குடம், ஒவ்வொரு நொடியும்! சித்திரை வெயிலில் வேலை இன்னும் கடினம். ஹீட் சிங்க் 80 டிகிரியில் இருக்கும்போது, வெளிக்காற்று 25 டிகிரியானால் வித்தியாசம் 55. அதுவே 40 டிகிரியானால் வித்தியாசமும் 40தான். குளிர்விக்கும் வலுவில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

ஆகவே பெட்டிகளுக்கிடையே இடைவெளி விட்டால் நல்லது என்றுதான் தோன்றும். ஃபேன் இல்லாமல் தானாக ஆறும் ஆம்ப்ளிஃபயருக்கு அது சரி. முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும் ஃபேன் இருந்தால், அதே இடைவெளி கெடுதலாகிவிடும். பின்னால் விட்ட சூடான காற்று, அந்தச் சந்து வழியே முன்னால் திரும்பி வந்து மறுபடியும் உள்ளே போகும். அதனால்தான் காலி இடங்களை வெறும் தகரத் தகட்டால் அடைத்திருந்தார் அவர். முன்னிருந்து பின்னுக்கு ஊதுவதையும் பின்னிருந்து முன்னுக்கு ஊதுவதையும் ஒரே ரேக்கில் கலக்கவும் மாட்டாராம். ஒன்று விட்ட மூச்சை மற்றது குடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான ஆம்ப்ளிஃபயர்கள் அடித்தட்டில் இருந்தன. திருகு பூட்டும் முன்பக்கக் காதுகளில் மட்டும் தொங்கவிட்டால், மண்சாலைக் குலுக்கலில் காது வளைந்துவிடும் என்று பின்பக்கமும் தாங்குகம்பி கொடுத்திருந்தார். நொடிக்கு லட்சக்கணக்கான முறை முழுக்க மூடி, முழுக்கத் திறக்கும் டிரான்சிஸ்டர்கள் கொண்ட புதுவகை ஆம்ப்ளிஃபயர் ஒன்று மேல்தட்டில் இருந்தது. பாதி திறந்து நிற்கும் நேரமே அதற்கு அரிது. வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஒலிக்கே போகிறது. ஒரு கையாலேயே தூக்கிவிடலாம் என்றார்.

விடியற்காலை கச்சேரி முடிந்தது. உடனே ஸ்விட்சை அணைக்கவில்லை. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஃபேன்களை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டார். பிறகு முன்பக்கச் சல்லடைகளைக் கழற்றி, உள்ளிருந்த பஞ்சை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினார். ஒரே இரவின் புழுதி. தண்ணீர் செம்மண் குழம்பாக மாறியது.