கொள்கைவழித் திசைவித்தல்

கொள்கைவழித் திசைவித்தல் என்பது, ஒரு பொதி எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்பதை அதன் சேருமிட முகவரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மூல முகவரி போன்ற பிற கூறுகளையும் பார்த்து முடிவு செய்யும் முறையாகும். இரு வேறு இணையச் சேவை நிறுவனங்களின் இணைப்புகளைக் கொண்ட வழங்கிகளில் இது பெரிதும் தேவைப்படுகிறது.

தேவை

ஒரு வழங்கியின் முதல் பிணைய அட்டைக்கு 192.0.2.10, இரண்டாம் அட்டைக்கு 198.51.100.10 என முகவரிகள் இருப்பதாகக் கொள்வோம். இயல்பு நுழைவாயில் முதல் இணைப்பின் 192.0.2.1 ஆகும். வெளியிலுள்ள பயனர் இரண்டாம் முகவரியைத் தொடர்பு கொண்டால், கோரிக்கை இரண்டாம் அட்டை வழியே வந்து சேரும். மறுமொழியோ இயல்பு நுழைவாயிலை நோக்கி, முதல் அட்டை வழியே வெளியேறும். அதன் மூல முகவரி தன்னுடையது அன்று என்பதால், முதல் நிறுவனம் அதைப் போலிப் பொதியாகக் கருதிக் கைவிடக்கூடும். வழங்கி சரியாக இயங்கினாலும், பயனருக்கு அது செயலிழந்ததாகவே தோன்றும்.

லினக்சில் செயற்படும் விதம்

1999 இல் வெளியான லினக்சு கருனி 2.2 முதல் இவ்வசதி உள்ளது. கருனி, விதிகளை முன்னுரிமை எண்ணின் ஏறுவரிசையில் பார்த்து, பொருந்தும் விதி சுட்டும் அட்டவணையில் பாதையைத் தேடும். தொடக்கத்தில் மூன்று விதிகள் இருக்கும்:

- 0: உள்ளக அட்டவணை
- 32766: முதன்மை அட்டவணை
- 32767: இயல்பு அட்டவணை

அமைக்கும் முறை

1. இரண்டாம் இணைப்புக்கு 100 போன்ற எண்ணில் தனி அட்டவணை அமைத்து, அதில் 198.51.100.0/24 பிணையத்துக்கான பாதையையும் 198.51.100.1 என்ற இயல்பு நுழைவாயிலையும் சேர்க்க வேண்டும்.
2. மூல முகவரி 198.51.100.10 ஆக இருந்தால் அட்டவணை 100 ஐப் பார்க்குமாறு ஒரு விதி சேர்க்க வேண்டும். அதன் முன்னுரிமை எண் 32766 ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும்.
3. கட்டளையாக மட்டும் இட்டவை மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். ஆகவே அவற்றைப் பிணைய அமைவுக் கோப்பிலும் எழுத வேண்டும்.

சரிபார்த்தல்

விதியில் அட்டவணை எண்ணைத் தவறாகக் குறித்தாலும் பிழைச்செய்தி வராது. வெற்று அட்டவணையில் பாதை கிடைக்காதபோது, கருனி அடுத்த விதிக்குச் சென்று மறுமொழியைப் பழையபடி முதல் அட்டை வழியே அனுப்பிவிடும். எனவே 'ஐபி ரூட் கெட்' கட்டளையில் சேருமிடத்துடன் மூல முகவரியையும் கொடுத்து, விடையில் இரண்டாம் அட்டையின் பெயர் வருகிறதா எனப் பார்க்க வேண்டும்.

வரம்பு

இவ்வமைப்பு இரு இணைப்புகளுக்கும் சுமையைப் பகிர்ந்தளிப்பதில்லை. மூல முகவரியைக் குறிப்பிடாமல் வழங்கி தானே தொடங்கும் இணைப்புகள் தொடர்ந்து முதல் அட்டை வழியாகவே செல்லும்.