மினுக்கில் மறைந்த பெயர்

முதலாம் உலகப் போரில் (1914–1918) மாண்ட பிரித்தானியப் பேரரசின் வீரர்தம் குடும்பங்களுக்கு வழங்கப்பெற்ற வெண்கல நினைவுப் பதக்கங்களுள் ஒன்று என் சேகரிப்பில் உண்டு. விட்டம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். வீரனின் பெயர் மட்டுமே அதிற் புடைத்து நிற்கும், பதவி இராது. சாவில் யாவரும் சமமன்றோ!

குத்துவிளக்கை மினுக்குவது போல, ஆண்டுதோறும் பழப்புளியும் சாம்பலுமிட்டு அதனைத் தேய்த்து வந்தேன். பதக்கம் பொன்னென ஒளிர்ந்தது, எழுத்துக்களோ தேய்ந்தன.

பின்னரே உணர்ந்தேன்: வெண்கலத்திற் படியும் கபிலநிறப் படலம் அழுக்கன்று, உலோகத்தைக் காக்கும் போர்வை. உப்பும் ஈரமும் சேர்ந்து விளைக்கும் வெளிர்பச்சைத் தூளே நோய். வியர்வையிலும் உப்புண்டு. ஆதலின் பருத்திக் கையுறை, மென்தூரிகை, ஈரமற்ற பேழை ஆகியவை போதும், அன்பர்களே!

ஒரு தாய்க்கு எஞ்சியது அப்பெயர் ஒன்றே. அதனை அழித்தது என் கை.