களத்துமேட்டுக்கு ஒரு புங்கமரம்



லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். 1895-ல் பெரியாறு அணை கட்டி முடித்த நாள் முதல் நமக்குத் தண்ணீர்ப் பேச்சுதான். நிழலைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. சித்திரை வெயிலில் மாட்டை எங்கே கட்டுவது?

"சீக்கிரம் நிழல் வேணும் சார்" என்று சிலர் தூங்குமூஞ்சி மரம் வைக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. வேகமாக வளரும், வாஸ்தவம்தான். ஆனால் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றில் அதன் கிளை முறிந்தால், கீழே நிற்கிற மாட்டின் கதி என்ன?

நம் நாட்டு மரமான புங்கனைப் பாருங்கள். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டும். சில வாரத்திலேயே தளதளவென்று துளிர்த்து, கடும் வெயிலுக்குள் குடை விரித்துவிடும். பயறு வகைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சு மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தையும் சேர்க்கும். உவர் மண்ணானாலும் சில நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும்.

தழைக்காகச் சித்திரையிலேயே மொட்டையடித்து விடாதீர்கள், நிழலும் போச்சு. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து தொளி கலக்கும்போது கீழ்க் கிளைகளை மட்டும் கழித்து வயலில் மிதித்து விடுங்கள். காற்றுக் காலத்தில் மரத்துக்கும் பாரம் குறையும். புங்கம் பிண்ணாக்கும் நல்ல எருதான். மாட்டுக்கு மட்டும் வைக்கக் கூடாது.

புது விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் பையில் போட்டால் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஐப்பசி மழையில் இரண்டடிக் குழி எடுத்து, எரு கலந்து நடுங்கள். மரத்துக்கு மரம் முப்பது அடி வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் அவசியம்.

வயல் வரப்பில் வேண்டாம். தெற்கு வரப்பில் வைத்தால் பின்பனிக் காலத்தில் உங்கள் நெல்லுக்கு நிழல். வடக்கு வரப்பில் வைத்தால் அடுத்த வயல்காரருடன் பஞ்சாயத்து. களத்துமேடு, தொழுவத்துப் பக்கம், வண்டிப்பாதை ஓரம் போதும். பக்கவேர் ஓடி அங்கங்கே கன்று கிளம்பும் மரம் இது. ஆகவே கிணற்றுச் சுவரை விட்டுத் தள்ளியே வையுங்கள்.

இலையில் கொப்புளம் கொப்புளமாக வந்தால் பயப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை அது. வளர்ந்த மரம் அதனால் சாகாது. மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.