விந்தணு தானம்: நிறம் பார்க்கும் முன் ரத்தம் பாருங்கள்!

கணவரின் விந்தில் உயிரணுக்களே இல்லை என்று தெரிந்ததும், 'கொழுந்தனிடமே கேட்கலாமே' என்று சில வீடுகளில் பேச்சு எழுவதுண்டு. அப்படி வீட்டிலேயே ஆள் பார்த்து முடித்துக்கொள்ள முடியாது. 2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் விந்தணு பெற வேண்டும்.

தானம் தருபவரின் வயது 21 முதல் 55-க்குள் இருக்க வேண்டும். ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் கட்டாயம். ஒருவரின் விந்தணுவை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் வங்கி தர முடியும்.

உயரமும் நிறமும் கணவரைப்போல இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்புதான். ஆனால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது ரத்தத்தைப் பற்றி. மனைவிக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால், தானம் தருபவருக்கும் நெகட்டிவாக இருப்பது கர்ப்பகாலச் சிக்கலைத் தவிர்க்கும். மனைவி தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்றால், தானம் தருபவருக்கு அது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இருவருக்கும் இருந்தால், குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு உண்டு.

தானம் தந்தவருக்குக் குழந்தைமேல் எந்த உரிமையும் கிடையாது. எல்லா உரிமைகளோடும் அது அந்தத் தம்பதியின் குழந்தைதான். அதனால்தான் இருவரின் எழுத்துபூர்வச் சம்மதமும் கேட்கப்படுகிறது. மனதில் தயக்கம் மிச்சமிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே கணவனும் மனைவியும் அதைப் பேசிவிடுவது நல்லது.