டென்மார்க் நாடும் அதன் பொதுப் பணிகளும்

கூட்டுறவுப் பயிற்சி வகுப்பிற்குச் சென்று வந்த அங்கத்தினர் எவரும் டென்மார்க் நாட்டின் பெயரைக் கேளாமல் திரும்பியிரார். அந்நாட்டு உழவர்கள் ஒன்றுகூடிப் பாற்பண்ணைச் சங்கங்கள் கண்ட வரலாறு அங்கே தவறாமல் சொல்லப்படுகிறது. ஆனால் அச்சங்கங்கள் எத்தகைய நிலத்தில் எழுந்தன, எவ்வகை ஆட்சியின் கீழ் வளர்ந்தன, பள்ளியும் இருப்புப் பாதையும் துறைமுகமும் அவற்றிற்கு எவ்வளவு துணை செய்தன என்பன விரிவாகச் சொல்லப்படுவதில்லை. அங்கே இயன்றது பிற இடங்களில் ஏன் எளிதில் இயலவில்லை என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை தேடுவோர் சங்கத்தை மட்டும் பார்த்தல் போதாது. நாட்டையே பார்த்தல் வேண்டும்.

நிலமும் நீரும்

டென்மார்க் ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள ஒரு சிறு நாடு. பரப்பு சுமார் 43,000 சதுர கிலோ மீட்டர். அஃதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மக்கள் தொகை சுமார் 60 லட்சம். தெற்கே ஜெர்மனியோடு மட்டும் குறுகிய நில எல்லை உண்டு. ஏனைய திசைகளிலெல்லாம் கடல்தான்.

மேற்கே யூட்லாந்து என்னும் தீபகற்பம் வடக்கு நோக்கி நீண்டிருக்கிறது. அதற்குக் கிழக்கே ஃபியூன், சீலாந்து முதலிய தீவுகள் உள்ளன. பெயரிட்டு வழங்கும் தீவுகள் நானூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை எண்பதுக்கும் குறைவே. தலைநகரான கோபன்ஹேகன் சீலாந்துத் தீவின் கீழ்க்கரையில், சுவீடன் நாட்டுக்கு எதிரே அமைந்துள்ளது. போர்ன்ஹோம் என்னும் தீவோ ஏனையவற்றினின்று விலகிப் பால்டிக் கடலில் தனித்துக் கிடக்கிறது.

அந்நாட்டில் மலை இல்லை. மிக உயர்ந்த இயற்கை மேடும் கடல் மட்டத்திற்கு மேல் 171 மீட்டர்தான். பெரிய ஆறுகளும் இல்லை. நிலக்கரிச் சுரங்கமோ இரும்புச் சுரங்கமோ இல்லை. கிழக்கே களிமண் கலந்த நல்ல வயல்கள். மேற்கு யூட்லாந்தில் காற்றடிக்கும் மணற்பாங்கான புதர்க்காடு. இயற்கை பெரும் செல்வம் எதையும் கொடாத இடம் என்றே அதனைச் சொல்லலாம். நாட்டை நாற்புறமும் சூழ்ந்து, ஊடே புகுந்து, ஊரை ஊரினின்று பிரித்த கடல் ஒன்றே அதன் இயற்கையின் தனிக்குணம்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நிகழ்ந்த போரில் டென்மார்க் தோற்றது. தெற்கிலிருந்த வளமான மாநிலங்கள் கைவிட்டுப் போயின. அவற்றுள் வட சிலெஸ்விக் பகுதி மட்டும், மக்கள் வாக்கெடுப்பின் பின், 1920-இல் மீண்டது. போரின் புண் ஆறுவதற்குள் மற்றோர் இடி விழுந்தது. அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தையில் வந்து குவியவே, தானியம் விற்றுப் பிழைத்த டேனிஷ் உழவரின் வருவாய் சரிந்தது.

அவர்கள் செய்தது யாது? மலிவாக வந்த தானியத்தை மாட்டுக்குத் தீவனமாக்கிப் பாலும் வெண்ணெயும் விற்கத் துணிந்தனர். ஆனால் நான்கு மாடு வைத்திருந்த சிறு உழவன் வீட்டில் கடைந்த வெண்ணெய் நாளுக்கொரு தரமாக இருந்தது. பெரும் பண்ணைகளின் வெண்ணெய்க்கே நல்ல விலை கிடைத்தது. 1878-ஆம் ஆண்டையொட்டிப் பாலினின்று ஆடையை உடனுக்குடன் பிரிக்கும் சுழற்பொறி வந்தது. அப்பொறிக்கு நிறையப் பால் வேண்டும். நிறையப் பணமும் வேண்டும். தனி உழவனால் ஆகாத அக்காரியத்தை 1882-இல் மேற்கு யூட்லாந்தில் யெட்டிங் என்னும் சிற்றூரார் கூடிச் செய்தனர். அதுவே அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை.

அதன் முறை எளிது. அங்கத்தினர் கூட்டுப் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினர்; தம் பாலைச் சங்கத்திற்கே தருவதாக உறுதி கூறினர். ஆடை எடுத்த பால் அவரவர்க்குத் திரும்பியது. அதனைக் குடித்துப் பன்றிகள் கொழுத்தன. அப்பன்றிகளை விற்பதற்கு 1887-இல் ஹோர்சென்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச் சாலை ஒன்று தோன்றியது. இலாபம் அவரவர் தந்த பாலுக்கேற்பப் பிரிந்தது. வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. மாட்டின் தலையை எண்ணாமல் மனிதனின் தலையை எண்ணி வாக்களிப்பது என்று அவர்கள் சொல்வழக்கே ஏற்பட்டது. 1900-ஆம் ஆண்டிற்குள் இத்தகைய பாற்பண்ணைகள் ஆயிரத்தைத் தாண்டின.

இங்கு நம் அங்கத்தினர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யெட்டிங் உழவர் சங்கம் கூடிய நாளில் அவர்களுக்குப் பின்னே நூறாண்டு முயற்சி நின்றது. உழவனைப் பிறந்த மண்ணைவிட்டு நகரவொட்டாமல் கட்டிய சட்டம் 1788-இல் நீக்கப்பட்டது. 1814-இல் கட்டாயக் கல்வி வந்தது. குருண்ட்விக் என்னும் சமய அறிஞரின் கருத்தைத் தழுவி 1844-இல் ரோடிங்கில் முதல் மக்கள் உயர்பள்ளி தோன்றியது. தேர்வும் பட்டமும் இல்லாத அத்தகைய பள்ளிகளில் இளம் உழவர் குளிர்காலத்தில் தங்கிப் படித்தனர். ஆகவே சங்கக் கணக்கை எழுதவும், எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கவும் ஊர்தோறும் ஆள் இருந்தனர். மேற்குக் கரையில் எஸ்பியர்க் என்னுமிடத்தில் 1868-இல் அரசு தொடங்கிய துறைமுகம், வெண்ணெய் இங்கிலாந்து செல்ல வாயிலாயிற்று. சங்கம் கட்டியது உழவர். சங்கம் நிற்பதற்குரிய தளத்தை இட்டது பொதுப்பணி.

ஆட்சி முறை

டென்மார்க் முடியரசு, ஆயினும் மன்னர் ஆட்சி செய்வதில்லை. 1849 ஜூன் 5-ஆம் நாள் முதல் அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது. இப்போது நடப்பிலுள்ள சட்டம் 1953-இல் இயற்றப்பட்டது. அதன்படி மேலவை நீக்கப்பட்டு ஒரே அவை எஞ்சியது. இரண்டாம் மார்கரெத் அரசியார் 52 ஆண்டுகள் அரியணையில் இருந்து, 2024 ஜனவரி 14-இல் தம் மைந்தர் பத்தாம் ஃபிரெடெரிக்கிடம் முடியை ஒப்புவித்தார்.

ஃபோல்கெடிங் எனப்படும் நாடாளுமன்றத்தில் 179 உறுப்பினர்கள். அவருள் இருவர் கிரீன்லாந்திலிருந்தும் இருவர் ஃபாரோ தீவுகளிலிருந்தும் வருகின்றனர். தொலைவிலுள்ள அவ்விரு பகுதிகளும் டேனிஷ் முடியின் கீழிருப்பினும் தமக்கெனத் தனி மன்றங்களை உடையவை. ஃபாரோ தீவுகள் 1948-இல் தன்னாட்சி பெற்றன. கிரீன்லாந்து 1979-இல் பெற்ற தன்னாட்சி 2009-இல் மேலும் விரிந்தது. பெண்டிர்க்கு நாடாளுமன்ற வாக்குரிமை 1915-இல் கிடைத்தது. கட்சிகள் பல, ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிட்டுதல் அரிது. எனவே பேசி இணங்கி ஆளும் பழக்கம் அங்கே வேரூன்றியுள்ளது.

மக்களுக்கு அன்றாடம் நெருங்கிய ஆட்சி நகராட்சியே. 1970-க்கு முன் ஆயிரத்திற்கு மேற்பட்டிருந்த ஊராட்சி அமைப்புகள் படிப்படியாக இணைக்கப்பட்டு, 2007-இல் 98 நகராட்சிகளாயின. பள்ளி, குழந்தைக் காப்பகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை அவற்றின் பொறுப்பு. மருத்துவமனைகள் மண்டலங்களின் பொறுப்பு.

பொதுப் பணிகள்

குடும்ப மருத்துவரைக் காணவும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறவும் அங்கே கட்டணம் இல்லை. மருந்துக்கும், வயது வந்தோரின் பல் சிகிச்சைக்கும் ஒரு பகுதியை நோயாளியே கொடுக்க வேண்டும். பொதுப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் இல்லை. வறிய முதியோர்க்கு உதவும் சட்டம் 1891-லேயே வந்துவிட்டது.

இவையெல்லாம் இலவசம் என்று சொல்வது முற்றும் சரியன்று. வருமான வரி மிகுதி. விற்கும் பொருளில் பெரும்பாலானவற்றின் மீது நூற்றுக்கு 25 விகிதம் வரி உண்டு. மக்கள் முன்கூட்டியே கூடிச் செலுத்தி, வேண்டும்போது பெறுகின்றனர். கூட்டுறவாளர்க்கு இக்கருத்து புதியதன்று.

சில பணிகளை அரசும் செய்யாமல் தனி முதலாளியும் செய்யாமல் நுகர்வோரே கூடிச் செய்கின்றனர். குடிநீர் நிலையங்கள் பலவும், வெந்நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் போக்கும் நிலையங்கள் பலவும் பயன்படுத்துவோரின் உடைமை. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 2000-ஆம் ஆண்டில் நிறுவிய மிட்டெல்குருண்டென் என்னும் 20 காற்றாலைகளில் பாதியை எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட பங்குதாரர் கொண்ட ஒரு கூட்டு அமைப்பு வாங்கியது. இப்பொழுது நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே கிடைக்கிறது.

போக்குவரத்து

கடல் பிரித்ததைச் சேர்ப்பதே அந்நாட்டுப் போக்குவரத்தின் முழு வேலையாகும். கோபன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்டேக்கு 1847-இல் முதல் இரயில் ஓடியது. ஃபியூனுக்கும் சீலாந்துக்கும் இடையிலுள்ள பெரிய பெல்ட் என்னும் நீரிணையை இரயில் வண்டிகள் 1883 முதல் கப்பலில் ஏறிக் கடந்தன. நூறாண்டுக்கு மேலாக நாட்டின் ஒரு பாதியினர் மறு பாதியைக் காணக் கப்பலுக்குக் காத்திருந்தனர். கடக்க மட்டும் ஏறத்தாழ ஒரு மணி ஆயிற்று. 18 கிலோ மீட்டர் நீளமுள்ள பாலமும் சுரங்கமும் அமைந்து, 1997-இல் இரயிலும் 1998-இல் மோட்டார் வண்டிகளும் செல்லத் தொடங்கின. 2000-இல் சுவீடனோடும் பாலமும் கடலடிச் சுரங்கமும் சேர்ந்த பாதை திறக்கப்பட்டது. இப்பெரும் பணிகள் அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கி முடிக்கப்பட்டவை. கடப்போர் தரும் சுங்கத்தால் அக்கடன் அடைக்கப்பட்டு வருகிறது. சில நூறு பேரே வாழும் சிறு தீவுகளுக்குப் பாலம் கட்டுவது கட்டுபடியாகாது. அத்தீவுகளுக்கு அரசு மானியத்துடன் படகுகள் செல்கின்றன.

தபால் நின்ற கதை

1624-இல் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் தபால் சேவையை நிறுவினார். அவர் ஆட்சியில்தான், 1620-இல், டேனியர் தஞ்சை நாயக்கரிடம் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிபம் தொடங்கினர். 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றனர். தரங்கம்பாடி கைமாறிய பின்னும் மன்னர் நிறுவிய தபால் நடந்துகொண்டே இருந்தது.

1968-இல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் வழங்கப்பட்டது. பின்னர் அரசு அலுவல்கள் மின்வழி நடைபெறலாயின. 2014 நவம்பர் முதல், 15 வயது நிறைந்த அனைவருக்கும் அரசுக் கடிதங்கள் மின்தபாலாகவே அனுப்பப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டில் 140 கோடியளவில் இருந்த கடிதங்கள் 2024-இல் 11 கோடியாகக் குறைந்தன. 2025-இல் சிவப்புத் தபால் பெட்டிகள் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாளோடு பழைய தபால் நிறுவனம் கடிதம் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது கடிதங்களைத் தனியார் நிறுவனம் ஒன்று கொண்டு சேர்க்கிறது.

பெரும்பாலோர்க்கு இதனால் இழப்பில்லை. வீட்டிலிருந்தே வரிக்கணக்கையும் மருத்துவக் குறிப்பையும் பார்க்கின்றனர். ஆனால் முதுமையாலோ நோயாலோ மின்தபால் கையாள இயலாமல் விலக்குப் பெற்றவர் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர். மருத்துவமனை அழைப்பு இவர்களுக்குக் காகிதத்தில்தான் வரவேண்டும். அது பிந்தினால் சிகிச்சையும் பிந்தும் என்று முதியோர் சார்பில் பேசுவோர் கவலை தெரிவித்துள்ளனர். சிறு தீவுக்கு நட்டத்திலும் படகு விடும் நாடு, கடைசிக் கடிதம் செல்லும் வீட்டை எவ்வாறு காக்கப் போகிறது என்பதே இப்போது அங்கு எழுந்துள்ள கேள்வி.

பாற்பண்ணைகளுக்கும் இதே கேள்வி உண்டு. ஆயிரத்திற்கு மேற்பட்டிருந்த சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. 2000-இல் டென்மார்க்கின் பெருஞ்சங்கமும் சுவீடனின் பெருஞ்சங்கமும் சேர்ந்து ஆர்லா என்னும் ஒரே அமைப்பாயின. உரிமை இன்னும் உழவரிடமே உள்ளது. சந்தையில் வலிமையும் கூடியது. ஆனால் ஊர்ப் பாற்பண்ணையில் எதிரே அமர்ந்து தலைவரைக் கேள்வி கேட்டவன், இன்று தொலைவிலுள்ள பிரதிநிதியின் மூலம் கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

சங்கத்தின் வலிமைக்கு எழுத்தறிவும் பாதையும் நேர்மையான ஆட்சியும் அடித்தளம் என்பது டென்மார்க்கின் முதற் பாடம். ஆகவே பள்ளிக்கும் சாலைக்கும் குரல் கொடுப்பது சங்கத்துக்குப் புறம்பான வேலை என்று நிர்வாகக் குழுவினர் கருதலாகாது. புதிய வசதி வரும்போது அதனை அடைய முடியாதவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

நம் சங்கங்களிலும் அறிவிப்புகளும் பட்டுவாடாக் கணக்கும் கைபேசிக்கு மாறி வருகின்றன. மாற்றம் நல்லதே. எனினும் பேரவைக் கூட்டத்திற்கு முன் உறுப்பினர் பட்டியலை எடுத்து, கைபேசி இல்லாதார், படிக்க இயலாதார் பெயர்களைக் குறித்து, அவர்களுக்கு அறிவிப்பை நேரில் கொடுத்துக் கையொப்பமோ கைரேகையோ பெற்றுக் கோப்பில் வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பத்துப் பேருக்கு ஆள் அனுப்ப ஒரு பகல் செலவாகும். ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் விதி அப்பத்துப் பேருக்கும் உரியது.